வழக்கம் யாருடையது?

பல ஜாதி மக்கள் ஒரே தெருவில் கூடி வாழும் இந்நாட்டில் நாம் நாள்தோறும் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு. "அது அவர்கள் வழக்கம், நமக்கென்ன?" என்பதே அது. சீனர் வாசலில் காகிதம் எரித்தாலும், மலாய்க்காரர் நோன்பு நோற்றாலும், தமிழர் காவடி எடுத்தாலும் பக்கத்து வீட்டார் இவ்வொரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு தத்தம் வேலையைப் பார்க்கின்றனர். இது அற்ப குணமன்று. ஐரோப்பாவில் ஒரே மதத்தின் இரு பிரிவினர் 1618 முதல் 1648 வரை முப்பது வருஷ காலம் வெட்டி மாய்ந்ததை அறிந்தவர்கள், அண்டை வீட்டான் வேறு தெய்வத்தைக் கும்பிடுவதைப் பார்த்தும் பாராதிருக்கும் குணத்தின் அருமையை உணர்வார்கள்.

சிங்கப்பூர் சௌத் பிரிட்ஜ் ரோட்டில் நடந்து பார்த்தாலே இவ்வுண்மை விளங்கும். சோழியர் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் 1826-ம் ஆண்டில் தொடங்கிய ஜாமியா பள்ளிவாசலும், 1827-ம் ஆண்டில் தோன்றிய மாரியம்மன் கோயிலும் அத்தெருவிலே அருகருகே நிற்கின்றன. அங்கிருந்து தெலுக் ஆயர் தெருவுக்குச் சென்றால் 1842-ம் ஆண்டில் கட்டி முடிந்த தியான் ஹொக் கெங் என்னும் சீனர் ஆலயமும், அதற்குச் சிறிது தூரத்தில் நாகூர் தர்காவும் காட்சி தரும். இவை ஒன்றையொன்று இடிக்கவில்லை. ஒன்றின் மணியோசை மற்றொன்றின் தொழுகையை அழித்துவிடவும் இல்லை.

சட்டமும் இதே போக்கில் அமைந்தது. 1807-ம் ஆண்டில் பினாங்குக்கு அளிக்கப்பட்ட நீதி சாசனம் ஆங்கிலச் சட்டத்தை இங்கே கொணர்ந்தபோது, இந்நாட்டு மக்களின் மதங்களும் பழக்க வழக்கங்களும் இடங்கொடுக்கும் அளவுக்கே அது செல்லும் என்று ஓர் எல்லையும் வகுத்தது. 1826-ம் ஆண்டின் சாசனம் அதே ஏற்பாட்டைச் சிங்கப்பூருக்கும் மலாக்காவுக்கும் விரித்தது. ஆங்கிலேயருக்கு அன்பு மிகுந்ததால் இப்படிச் செய்தனர் என்று நாம் மயங்க வேண்டுவதில்லை. பல மொழி பேசும் வியாபாரிகளையும் கூலிகளையும் வைத்துத் துறைமுகம் நடத்தவேண்டியிருந்தது. அவரவர் வழக்கத்தில் கைவைத்தால் கலகம் வரும், வியாபாரம் நிற்கும். சகிப்புத் தன்மை லாபகரமாகவும் இருந்தது. அதனால் அது கெட்டதாகிவிடாது. ஆயினும் லாபத்துக்காகச் சகிக்கும் ஒருவன், எவ்வளவு தூரம் சகிக்கலாம் என்ற கேள்வியைத் தானாகக் கேட்கமாட்டான். அக்கேள்வியைக் கேட்கச் செய்தது சீனர் வீடுகளில் வேலை செய்த சின்னஞ்சிறு பெண்களின் கதி. அந்தக் கதையையே இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம்.

கான்டனிய மொழியில் 'மூய் சாய்' என்றால் சின்னத் தங்கை என்று பொருள். பெயர் இனிமையானது. தென் சீனத்தின் ஏழைக் குடியானவன் வீட்டில் வெள்ளமோ பஞ்சமோ கடனோ வந்தால் முதலில் வெளியேற வேண்டியவள் பெண் குழந்தை. அவள் எப்படியும் வேறொருவன் வீட்டுக்குப் போகிறவள். அவளுக்குப் போடும் சோறு அயலான் வயலுக்கு இறைத்த நீர் என்பது அங்குள்ள எண்ணம். (நம் ஊர்களிலும் இவ்வெண்ணம் புதிதன்று என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) நாலைந்து வயது முதல் பத்துப் பன்னிரண்டு வயது வரையுள்ள அப்பெண்ணைத் தரகர் மூலம் வசதியுள்ள குடும்பத்திடம் ஒப்படைத்துவிடுவார்கள். ஒரு பத்திரம் எழுதப்படும். அதில் விற்பனை என்ற சொல் இராது. பெண்ணை மனமுவந்து கொடுத்ததாகவும், கைமாறிய பணம் அவளை வளர்த்த செலவுக்கு ஈடு என்றும் எழுதியிருக்கும். தந்தையோ தாயோ கைரேகை வைப்பார்கள். அன்று முதல் அவளுக்குச் சம்பளம் கிடையாது. சோறும் துணியும் உண்டு. விடியுமுன் எழுந்து நீர் மொண்டு, அடுப்பு மூட்டி, எஜமானியின் குழந்தையை முதுகில் கட்டிச் சுமந்து, எல்லோரும் உறங்கிய பின் உறங்குவாள். பதினெட்டு வயது அளவில் அவளுக்கு ஒரு கணவனைத் தேடிக் கொடுப்பது எஜமானரின் கடமை. நல்ல குடும்பங்கள் இக்கடமையைச் செய்தன. மகளைப்போல் நடத்தி மணம் முடித்தவர்களும் உண்டு. கெட்ட குடும்பங்கள் அடித்தன, சுட்டன, மறுபடியும் விற்றன. மறுவிற்பனையில் அவள் ஒரு கிழவனுக்குச் சின்ன மனைவியாகலாம். வேசையர் விடுதிக்கும் போகலாம். எது வாய்க்கும் என்பது அவள் கையில் இல்லை.

அடிமைத்தனம் சட்ட விரோதமாகி எத்தனையோ காலமாகியிருந்தது. 1823-ம் ஆண்டிலேயே ராபில்ஸ் சிங்கப்பூரில் அடிமை வியாபாரத்தைத் தடுக்க விதி செய்தார். கம்பெனியார் ஆண்ட நாடுகளில் அடிமை என்னும் நிலைக்குச் சட்டத்தின் ஆதரவு இல்லையென்று 1843-ம் ஆண்டுச் சட்டம் அறிவித்தது. அப்படியிருக்க மூய் சாய் முறை மட்டும் எப்படி நிலைத்தது? அது அடிமைத்தனம் அன்று, சீனர் வழக்கம் என்று சொல்லப்பட்டதால் நிலைத்தது.

இவ்வாதம் முதலில் வலுத்தது ஹாங்காங்கிலே. 1841-ம் ஆண்டு அத்தீவைக் கைப்பற்றிய காப்டன் எல்லியட், அங்குள்ள சீனர்கள் சீனச் சட்டத்தின்படியும் வழக்கத்தின்படியுமே ஆளப்படுவார்கள் என்று விளம்பரம் செய்தார். அதில் ஒரு விலக்கும் சேர்த்தார்: எவ்வகைச் சித்திரவதையும் கூடாது என்பது. பின்னால் இவ்விளம்பரத்தை எடுத்துக் காட்டியவர்களில் பலரும் முற்பகுதியை உரக்கப் படித்தார்கள். விலக்கு வாசகத்தை விழுங்கினார்கள். வழக்கத்துக்கு எல்லை உண்டு என்பது வாக்குக் கொடுத்த அன்றே அந்த வாக்கிலே எழுதப்பட்டிருந்தது.

1879-ம் ஆண்டு ஹாங்காங் பிரதம நீதிபதி சர் ஜான் ஸ்மேல் பெண்களைக் கடத்தி விற்ற வழக்குகளை விசாரிக்கையில், கடத்தல்காரனைத் தண்டித்துவிட்டு வாங்கியவனை விட்டுவிடுவது நியாயமா என்ற கேள்வியை எழுப்பி, பணங் கொடுத்துப் பெண்ணை வாங்கி வீட்டில் வைப்பதும் அடிமைத்தனமே என்றார். சீன வர்த்தகப் பெருமக்கள் கலங்கிப்போனார்கள். கடத்தலைத் தடுக்க அவர்களே முந்திய ஆண்டில் போ லியுங் குக் என்னும் பாதுகாப்புச் சபையை நிறுவியிருந்தார்கள். அச்சபை எத்தனையோ பெண்களை மீட்டது என்பதும் உண்மை. ஆனால் அவர்கள் வாதம் இது: கடத்தல் பாவம், பெற்றோர் சம்மதித்துக் கொடுத்த பெண்ணை வாங்கி வளர்ப்பது தர்மம். வாங்க ஆளில்லையென்றால் அப்பெண்கள் பட்டினியால் சாவார்கள், அல்லது பிறந்தவுடனே கொல்லப்படுவார்கள். இது எங்கள் குடும்ப விஷயம், இதில் தலையிடுவதில்லையென்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள்.

இவ்வாதத்தை ஏளனம் செய்வது எளிது. நாம் அப்படிச் செய்யப் போவதில்லை. பஞ்சத்தில் பெண்கள் மாண்டது மெய். விற்கப்பட்ட பெண் பிழைத்ததும் மெய். ஆனால் நாற்பது வருஷ காலம் சர்க்கார் இந்த வாதத்தை ஏற்று வாளாவிருந்தபோது, சீனர் வழக்கம் இன்னதென்று எடுத்துச் சொன்னவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். வீட்டில் மூய் சாய் வைத்துக்கொள்ளக் கூடிய வசதி படைத்தவர்கள் சொன்னார்கள். விற்ற தாயைக் கேட்டார் இல்லை. விற்கப்பட்ட பெண்ணைக் கேட்பது யாருக்கும் தோன்றவே இல்லை. பத்திரத்தில் விலை இருந்தது, கைரேகை இருந்தது. யாரைப்பற்றிய பத்திரமோ அவளுடைய வார்த்தை ஒன்றும் அதில் இல்லை. கவர்னர்களுக்கு இச்செல்வர்களின் தயவு வேண்டியிருந்தது. வரியும் அமைதியும் அவர்களிடம் இருந்தன. ஆகவே ஒரு சமூகத்தின் வழக்கத்தை மதிக்கிறோம் என்ற பேச்சின் உள்ளே நடந்தது, அச்சமூகத்தின் எஜமானர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைதான்.

பத்திரத்தின் மாயம் நம்மவர்களுக்குத் தெரியாததன்று. பினாங்கு, வெல்லெஸ்லி மாகாணக் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்களைக் கொண்டுவந்தபோதும் ஒப்பந்தப் பத்திரம் எழுதப்பட்டது. அதிலும் கைரேகை இருந்தது. சுய சம்மதத்தோடு வந்தான் என்று எழுதப்பட்டது. கப்பல் செலவு கடனாக எழுதப்பட்டது. அக்கடன் தீருமுன் தோட்டத்தை விட்டு ஓடியவன் குற்றவாளியாகிச் சிறைக்குச் சென்றான். மலாய் நாட்டில் அம்முறை 1910-ம் ஆண்டில்தான் நிறுத்தப்பட்டது. மூய் சாய் முறையைக் கண்டு முகஞ்சுளித்த அதே ஆங்கிலேய சமூகம், தன் தோட்டக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து முகஞ்சுளிக்க வெகுகாலம் எடுத்துக்கொண்டது. அபினி வரியால் குடியேற்ற நாட்டுக் கஜானா நிறைந்ததையும் இதனோடு சேர்த்து நினைக்க வேண்டும். பிறர் வழக்கத்தைத் திருத்தப் புறப்படுவோர் தம் வழக்கத்தைப் 'பொருளாதாரம்' என்று பெயரிட்டு ஒதுக்கிவைப்பது உலக இயல்பு போலும்!

இருந்தபோதிலும், சொல்பவன் குற்றமுள்ளவன் என்பதால் சொன்ன விஷயம் பொய்யாகிவிடாது. 1919-ம் ஆண்டு ஹாங்காங்குக்கு வந்த கிளாரா ஹேசல்வுட் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி, அங்கு மூய் சாய்கள் படும் பாட்டை அறிந்து பத்திரிகைகளுக்கு எழுதலானார். அவர் கணவர் கடற்படை உத்தியோகஸ்தர். மனைவியின் வாயை அடக்கும்படி மேலதிகாரிகள் நெருக்கினர், கணவர் மறுத்தார், இறுதியில் அவர்கள் இங்கிலாந்து திரும்ப நேரிட்டது. வாயடைக்கச் செய்த இந்த ஏற்பாடே விஷயத்தை லண்டனுக்குக் கொண்டு சேர்த்தது. பார்லிமெண்டில் கேள்விகள் குவிந்தன. 1921-ம் ஆண்டுக் குடிக் கணக்கில் ஹாங்காங்கில் மட்டும் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட மூய் சாய்கள் இருப்பதாகத் தெரிந்தது. 1922 மார்ச்சு மாதம், அப்போது குடியேற்ற நாட்டு மந்திரியாயிருந்த சர்ச்சில், இம்முறை ஒரு வருஷத்துக்குள் ஒழிக்கப்படும் என்று காமன்ஸ் சபையில் வாக்களித்தார்.

வாக்கு லண்டனில் கொடுக்கப்பட்டது. நிறைவேற்ற வேண்டியவர்கள் ஹாங்காங்கில் இருந்தார்கள். 1923-ம் ஆண்டு சட்டம் வந்தது. ஆனால் உள்ள மூய் சாய்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் பகுதி மட்டும் அமலுக்கு வராமல் கிடந்தது. ஆறு வருஷத்துக்குப் பின், 1929-ம் ஆண்டில், தொழிற்கட்சி மந்திரியான பாஸ்பீல்டு பிரபு கட்டளையிட்ட பிறகே அப்பகுதி உயிர்பெற்றது. தலையும் காலும் உள்ள சட்டம் ஒன்றை முதுகெலும்பில்லாமல் ஆறு வருஷம் படுக்க வைத்திருந்த சாமர்த்தியத்தை என்னென்பது!

இங்கே ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஆங்கிலேயர் ஒரு பக்கம், சீனர் மறுபக்கம் என்று இச்சண்டையை எண்ணினால் தவறிப்போவோம். 1921-ம் ஆண்டில் ஹாங்காங்குச் சீனச் செல்வர்கள் கூட்டம் கூட்டி, மூய் சாய்களை நன்றாக நடத்தும்படி பார்த்துக்கொள்ளும் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அதாவது முறை இருக்கட்டும், கொடுமை வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. அதை எதிர்த்து, முறையே வேண்டாம் என்று மற்றொரு சங்கம் எழுந்தது. அதிலிருந்தோரும் சீனர்களே: கிறிஸ்தவ சபையினர், ஆசிரியர்கள், தொழிலாளர் சங்கத்தினர். சிங்கப்பூரிலும் டாக்டர் லிம் பூன் கெங், சோங் ஓங் சியாங் போன்ற சீனப் பெரியார்கள் பின்னலை வெட்டுவது, பெண்களுக்குப் படிப்புக் கொடுப்பது முதலிய சீர்திருத்தங்களை அதற்கு வெகு முன்னரே தொடங்கிவிட்டார்கள். 1899-ம் ஆண்டில் அவர்கள் நிறுவிய சிங்கப்பூர்ச் சீனப் பெண்கள் பாடசாலை இன்றும் நடைபெறுகிறது. சீனர் பண்பாடு என்பது எது? பத்திரம் எழுதி வாங்கியவர்களின் வழக்கமா, பள்ளிக்கூடம் கட்டியவர்களின் வழக்கமா? முன்னவரை மட்டும் சீனர் என்று கொண்டு, பின்னவரை மேனாட்டு மோகம் பிடித்தவர் என்று தள்ளுவது, மதிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் அப்பண்பாட்டுக்கே செய்யும் அவமதிப்பு.

அதே தென் சீனத்தின் ஷுண்டே பகுதியிலிருந்து 1930-களில் மலாயாவுக்கு வந்த மற்றொரு கூட்டத்தையும் நினைவூட்டுவோம். 1933-ம் ஆண்டின் அன்னியர் சட்டம் சீன ஆண்களின் வரவுக்கு வரம்பு கட்டியது. பெண்களுக்கோ 1938 வரை வரம்பில்லை. பட்டு ஆலைகள் நொடித்துப்போன ஊர்களிலிருந்து, மணஞ் செய்துகொள்வதில்லை என்று விரதம் பூண்டு, கூந்தலை முடிந்துகொண்ட பெண்கள் கப்பலேறி வந்தார்கள். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையுமாக, 'ஆமா' என்னும் பெயரோடு வீட்டு வேலை செய்தார்கள். வேலை என்னவோ மூய் சாய் செய்த வேலைதான். ஆனால் இவர்கள் சம்பளம் பேசினார்கள். பிடிக்காத வீட்டைவிட்டு மூட்டை கட்டினார்கள். பலர் சேர்ந்து வாடகைக்கு அறை எடுத்து அங்கே பெட்டியை வைத்துக்கொண்டார்கள். ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். மணமில்லாமல் வாழும் அவர்கள் விரதம் நமக்கு விநோதமாகத் தோன்றலாம். விநோதத்தைச் சகிப்பது நம் கடமை. மூய் சாய்க்கும் ஆமாவுக்கும் உள்ள பேதம் விநோதத்தில் இல்லை. ஒருத்திக்கு வாசற்கதவு திறந்திருந்தது, மற்றவளுக்கு இல்லை என்பதில் இருக்கிறது. வழக்கத்தின் சுமையைத் தாங்குகிறவர் அதை இறக்கிவைத்துவிட்டு நடக்க முடியுமா என்ற இவ்வொரு கேள்வியை வைத்தே சகிப்பின் எல்லையைக் காணலாம் என்பது நமது அபிப்பிராயம்.

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய குடியேற்ற நாட்டில் மூய் சாய்ச் சட்டம் 1932-ம் ஆண்டில் நிறைவேறி 1933-ம் ஆண்டு தொடக்கத்தில் அமலுக்கு வந்தது. இனிப் புதிதாக மூய் சாய் எடுக்கக்கூடாது; இருப்பவர்களைச் சீனர் பாதுகாப்பு இலாகாவில் பதிய வேண்டும்; சம்பளம் கொடுக்க வேண்டும்; வீட்டுக்கு வந்து பார்க்கும் அதிகாரிகளைத் தடுக்கக்கூடாது. வீடுகளில் என்ன நடந்தது? புதிதாக வந்த பெண்களுக்கு மூய் சாய் என்ற பெயர் போய் 'வளர்ப்பு மகள்' என்ற பெயர் வந்தது. பதிவுப் புத்தகத்தில் எண்ணிக்கை குறைந்துகொண்டே போயிற்று. அடுக்களையில் அப்படிக் குறைந்ததா என்பதே கேள்வி.

இதை அறிய 1936-ம் ஆண்டில் சர் வில்பிரிட் உட்ஸ் தலைமையில் மூவர் கமிஷன் ஒன்று ஹாங்காங்குக்கும் மலாயாவுக்கும் வந்தது. மற்ற இருவர் வில்லிஸ் என்பவரும், முன்னாள் பார்லிமெண்டு அங்கத்தினரான எடித் பிக்டன் டர்பர்வில் அம்மையாரும். ஆண்கள் இருவரும், முறை தேய்ந்து வருகிறது, இருக்கும் சட்டம் போதும், குடும்பங்களுக்குள் அளவு மீறித் தலையிடுவது சீனரைப் புண்படுத்தும் என்ற போக்கில் எழுதினார்கள். அம்மையார் தனி அறிக்கை எழுதினார். பெயர் எதுவானாலும் பெற்றோரை விட்டு வேறு குடும்பத்துக்குக் கைமாறிய சிறுமிகள் அனைவரையும் பதிய வேண்டும், பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். மகளென்று உண்மையாக வளர்க்கிறவனுக்கு, ஓர் அதிகாரி வந்து பார்ப்பதால் என்ன குறைந்துவிடும்? இருவருக்கு எதிராக ஒருவர் எழுதிய அவ்வறிக்கையையே மலாயா சர்க்கார் தழுவியது. ஹாங்காங்கும் பின்னர் அவ்வழியே வந்தது. அதற்குள் உலக யுத்தம் வந்து எல்லா இலாகாக்களையும் அடித்துக்கொண்டு போயிற்று.

பதிவுப் புத்தகத்தில் பெயராக மட்டும் இருந்தவர்களில் ஒருவர் பிற்காலத்தில் தாமே பேசினார். 1923-ம் ஆண்டு ஹாங்காங்கில் பிறந்த ஜானட் லிம், தந்தை இறந்தபின் விற்கப்பட்டுச் சிறு பெண்ணாகச் சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். பாதுகாப்பு இலாகாவின் மூலம் மீண்டு, போ லியுங் குக் விடுதியில் தங்கி, மிஷன் பள்ளியில் படித்துத் தாதியானார். 1954-ம் ஆண்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் மிஷன் ஆஸ்பத்திரியின் மேட்ரன் பதவி ஏற்றார்; ஆசியப் பெண் ஒருவர் அப்பதவிக்கு வந்தது அங்கே அதுவே முதல் தடவை. 1958-ம் ஆண்டில் தம் வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். 1879-ம் ஆண்டில் கேட்காமல் விட்ட சாட்சியம் எண்பது வருஷம் பிந்தி இப்படி வந்து சேர்ந்தது.

சீனர் வீட்டுக் கதையாயிற்றே என்று நம் தமிழன்பர்கள் நிம்மதியாகப் படித்துக்கொண்டு வரக்கூடும். ஹாங்காங்கில் இச்சண்டை நடந்த அதே காலத்தில் சென்னைச் சட்டசபையில் என்ன நடந்தது? 1927-ம் ஆண்டில் அச்சபையில் அங்கம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்க வேண்டும் என்றார். அது நமது கலை, நமது மதம், நமது பழைய வழக்கம், அன்னிய சர்க்கார் கைவைக்கலாகாது என்று ஆக்ஷேபித்தார்கள். தேசிய வீரர் சத்தியமூர்த்தியும் அவ்வெதிர்ப்பில் நின்றார். ஹாங்காங்கு வர்த்தகர்களின் வாதத்தைத் தமிழில் மொழிபெயர்த்தாற்போலவே இருந்தது அது. பொட்டுக் கட்டப்படும் ஏழெட்டு வயதுப் பெண்ணிடம் அவர்களில் எவரும் கலையைப்பற்றி அபிப்பிராயம் கேட்டதாகத் தெரியவில்லை. அக்குலத்திலேயே வளர்ந்து, அதைவிட்டு வெளியேறிப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-ம் ஆண்டில் 'தாசிகள் மோசவலை' என்னும் நாவலை எழுதினார். 1947-ம் ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது. இசையும் நடனமும் அதனால் அழிந்துவிடவில்லை என்பதை இன்று எந்தச் சபையிலும் பார்க்கலாம். ஆனால் அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்களில் பல மேடையிலிருந்து இறங்கவும் நேர்ந்தது. அவ்விடத்தில் மேல்ஜாதிப் பெண்கள் ஏறினார்கள். சீர்திருத்தத்தின் கணக்கில் இச்செலவையும் ஒளிக்காமல் எழுதவேண்டும்.

இதனால் சட்டம் எங்கும் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும் என்று நாம் சொல்வதாக எண்ண வேண்டாம். 1901-ம் ஆண்டு சிங்கப்பூரில் இறந்த சூ எங் சூன் என்னும் செல்வரின் சொத்துக்கு ஆறு பெண்கள் விதவை உரிமை கோரினார்கள். 'ஆறு விதவைகள் வழக்கு' என்று பெயர்பெற்ற அதில், 1908-ம் ஆண்டு பிரதம நீதிபதி ஹிண்ட்மன் ஜோன்ஸ், சீனர் வழக்கப்படி கொண்ட இரண்டாந்தர மனைவியரும் சட்டத்தின் கண்ணில் மனைவியரே, விதவைக்குரிய பங்கை அவர்கள் பகிர்ந்துகொள்ளலாம் என்று தீர்த்தார். பலதார மணத்தை நாம் ஆதரிப்பவர்களல்லர். ஆயினும் அன்றைய தினத்தில் நீதிபதி ஒருதார தர்மம் பேசி அப்பெண்களைக் கள்ள உறவினர் என்று தள்ளியிருந்தால், தண்டனை யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்? பல மனைவியரைக் கொண்டவர் ஏழு வருஷத்துக்கு முன்பே கண்ணை மூடிவிட்டார். வழக்கத்தை மதித்ததனால் அங்கே பலவீனமானவர்களுக்குக் கஞ்சி கிடைத்தது.

அம்முறையும் பின்னால் ஒழியத்தான் செய்தது. 1952-ம் ஆண்டில் தோன்றிய சிங்கப்பூர் மாதர் மன்றம் ஷிரின் பொஸ்டார் அம்மையார் முதலியோரின் முயற்சியால் ஊரெங்கும் பிரசாரம் செய்தது. அதன் பயனாக 1961-ம் ஆண்டு மாதர் சாசனம் பிறந்து, முஸ்லிமல்லாதாருக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதைச் சட்டமாக்கியது. முஸ்லிம்களின் மண விஷயம் அவர்கள் சமயச் சட்டத்துக்கே விடப்பட்டது. 1958-ம் ஆண்டில் அமைந்த ஷரியா நீதிமன்றம் அதைப் பார்த்துக்கொள்கிறது. அதற்குள்ளே இன்னின்ன மாறுதல் வேண்டும் என்று கேட்கும் முஸ்லிம் மாதர்களும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சுக்கு வெளியார் காது கொடுப்பது நல்லது, அவர்கள் வாயாகிப் பேசப் புகுவது நல்லதன்று.

மலேசியாவில் 1976-ம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச்சு முதல் தேதியில் அமலுக்கு வந்தபோது, சீனர் வழக்க மணமும், தோட்டத்துக் கோயிலில் கங்காணியும் ஊராரும் கூடியிருக்கத் தாலி கட்டிய நம்மவர் மணமும் ஒருங்கே அதன் வரம்புக்குள் வந்தன. அது முதல் முஸ்லிமல்லாதார் ஒரு மனைவி இருக்க மற்றொருத்தியை மணப்பது செல்லாது. மணத்தைப் பதிவதும் கட்டாயம். ஆனால் அத்தேதிக்கு முன் மதப்படியும் வழக்கப்படியும் நடந்த மணங்களைப் பதிந்தனவாகவே கொள்ள வேண்டும் என்று அச்சட்டம் சொல்கிறது. அப்படிச் சொல்லாமல் விட்டிருந்தால், தாலியும் சாட்சியும் தவிர வேறு பத்திரம் அறியாத நம் பாட்டிமார் எத்தனை பேர் ஒரே இரவில் மனைவி என்ற பெயரை இழந்திருப்பார்கள்!